கடன் வாங்கியவர் எந்த ஊர்க்காரர்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலைக் காக்கும் தொழில்களுக்கு வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தால் தென்மாவட்டங்கள் வளர்ந்துவிடும் என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். தவறாக எதுவும் அதில் இல்லை. ஆனால் 31 வருடம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இருந்து, செயலாளராக ஓய்வு பெற்ற எனக்கு அதில் ஒரு கேள்வி விடுபட்டுப்போனதாகப் பட்டது. கடன் எதற்கு என்று கேட்கிறோம், எவ்வளவு என்று கேட்கிறோம். வாங்குகிறவர் எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் பூர்வீகம் ஆரல்வாய்மொழிப் பக்கம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் என் சித்தப்பாவுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. மழை பெய்தால் காணம் (கொள்ளு) விதைப்பார். வரப்போரம் பனை நின்றது. ஆனி, ஆடி மாதத்தில் அங்கே காற்று அடிக்கிற அடியில் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அந்தக் காற்றுக்கு ஒரு விலை உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1993-ல் தரகர் ஒருவர் வந்து ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரம் என்றார். "காணம் விதைச்சு என்னத்தைக் கண்டேன், இந்தப் பணத்தையாவது கண்ணால பாப்போம்" என்று சித்தப்பா சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார். மகள் கல்யாணம் முடிந்தது, வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டினார், பணமும் முடிந்தது. இரண்டு வருடத்தில் அந்த நிலத்தில் காற்றாடி சுற்ற ஆரம்பித்தது.

அந்தக் காற்றாடிகள் எப்படி வந்தன என்பதை வேலையில் சேர்ந்து வெகுநாள் கழித்துத்தான் நான் புரிந்துகொண்டேன். காற்றாலை வைப்பவர் அதன் முழு விலையையும் முதல் வருடத்திலேயே வரிக்கான லாபத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அப்போது சலுகை கொடுத்திருந்தது. கூடவே, மரபுசாரா எரிசக்திக்குக் கடன் கொடுப்பதற்காகவே 1987-ல் தொடங்கிய இரேடா நிறுவனத்தின் கடனும் கிடைத்தது. நல்ல லாபம் பார்க்கிற, அதற்கு வருமான வரி கட்டுகிற ஒருவருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. வரி மிச்சமாகும். காற்றாடியில் வரும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் ஏற்றிவிட்டு, கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருக்கும் தன் ஆலையின் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத என் சித்தப்பா அந்தத் திட்டத்துக்குள் எந்தக் கதவு வழியாகப் போயிருக்க முடியும்? சட்டப்படி யாரும் அவரைத் தடுக்கவில்லை. திட்டத்தின் அமைப்பே அவரைப் போன்றவர்களை வெளியே வைத்துவிட்டது.

ஆலைக்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த மின்சாரத்தில் அங்கே ஆலை ஓடியது, ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கிடைத்தது. நாட்டுக்குப் புகையில்லாத மின்சாரம் கிடைத்தது. எல்லாம் நல்லதுதான். அந்தக் கடன் வட்டார வளர்ச்சியைத் தந்ததா என்று கேட்டால், தந்தது. எந்த வட்டாரத்துக்கு என்பதுதான் என் கேள்வி.

எங்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். காற்றாடி நிறுத்துகிற காலத்தில் கிரேன் ஓட்டியவர்கள், ஜல்லி அடித்தவர்கள், சாப்பாட்டுக்கடை போட்டவர்கள் எல்லாம் நாலு காசு பார்த்தார்கள். ஐடிஐ படித்த எங்கள் பையன்கள் சிலர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு குஜராத் வரைக்கும் போனார்கள். ஆனால் அந்த வருமானம் நிறுத்துகிற வேலையோடு சேர்ந்தே வந்தது, அதோடு சேர்ந்தே போனது. 2012-ல் அந்த வரிச் சலுகையை வெகுவாகக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய நிதியாண்டில் நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக நிறுவியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 2014-ல் சலுகை திரும்பி வந்தது, 2017-ல் மறுபடி பாதியானது. டெல்லியில் ஒரு வரி மாறினால் ஆரல்வாய்மொழியில் ஒரு பட்டறை பூட்டப்படும். ஊரில் நிரந்தரமாகத் தங்கியது வாட்ச்மேன் வேலை. சித்தப்பா மகன் இப்போது அதைத்தான் பார்க்கிறான், தன் அப்பா விற்ற நிலத்துக்குப் பக்கத்திலேயே.

அப்புறம் இன்னொரு கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொகையில் மிகச் சின்னது. ஆனால் இத்தனை வருடம் கழித்தும் என் மனதில் நிற்பது அதுதான்.

1988-ல் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது மார்த்தாண்டம் பக்கம் ஒரு சங்கத்தில். அந்தப் பகுதியில் தேனீ வளர்ப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே கிராம மேம்பாட்டு மையம் அமைத்து, கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு என்று வீட்டோடு செய்யும் தொழில்களைச் சொல்லிக் கொடுத்தார். விளைந்ததைச் சேர்ந்து விற்கவும் பழக்கினார். ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் மாதங்களில் இலைக்காம்பில் தேன் சுரக்கும். தை பிறந்ததும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டங்களுக்குப் போவார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு குடும்பத்துக்கு இருபது, இருபத்தைந்து பெட்டிக்குக் கடன் கொடுத்தோம். 'பசுமைக் கடன்' என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது. பேரேட்டில் 'இதர சிறுகடன்' என்று எழுதினோம்.

அந்தப் பணம் எங்கெல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லோரும் எங்கள் உறுப்பினர்கள்தான். பெட்டி செய்த ஆசாரிக்குக் கொஞ்சம். தேன் எடுக்கும் தகர எந்திரத்தை அடித்துக் கொடுத்தவருக்குக் கொஞ்சம். பெட்டி வைக்க இடம் விட்ட தோட்டக்காரருக்கு இரண்டு போத்தல் தேன். பெட்டி சுமந்த வேன்காரருக்கு வாடகை. மீதியில் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை, அதைத் தைத்தவரும் அதே தெருக்காரர். கடனாகக் கொடுத்த ஒரு ரூபாய் நாலு வீடு ஏறி இறங்கிவிட்டுத்தான் சங்கத்துக்குத் திரும்பி வந்தது. சுற்றிலும் இருந்த தென்னைக்கும் மற்றப் பயிர்களுக்கும் அந்தத் தேனீக்களால் காய்ப்பு கூடியதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

1991, 92-ல் நோய் வந்தது. தாய்லாந்தின் பெயரைக் கொண்ட 'தாய் சாக்புரூட்' என்ற தேனீ வைரஸ். புழுக்கள் கூட்டுக்குள்ளேயே சாக்குப்பை மாதிரி ஊதிச் செத்துப்போகும். கேரளத்தையும் எங்கள் மாவட்டத்தையும் சேர்த்து அடித்தது. சில மாதங்களில் பெட்டிகள் எல்லாம் வெறும் பலகையாகிவிட்டன. கடன் வசூலுக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு வீட்டில் காலிப் பெட்டிகளை வராந்தாவில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். மூன்றாம் நாள் தன் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கொண்டுவந்து கட்டினார். தவணையைத் தள்ளிப்போட விதி இல்லை, காப்பீடும் இல்லை. ரசீது எழுதிக் கொடுத்தது நான்தான். அந்த வருடத்தோடு தேனீக் கடனையே எங்கள் நிர்வாகம் நிறுத்திவிட்டது.

தொழில் சாகவில்லை. நோய்க்குத் தாக்குப்பிடித்த கூடுகளைத் தேடிப் பிடித்து, பிரித்து, ஒன்று இரண்டாகப் பெருக்கி மறுபடி கொண்டுவந்தார்கள். அதே அம்மா பத்துப் பெட்டியோடு திரும்பத் தொடங்கினார், எங்களிடம் ஒரு பைசா கேட்காமல். இன்று மார்த்தாண்டம் தேன் என்றால் ஊரே அறியும். அது எங்கள் கடனால் நிமிர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் கைவிட்ட பிறகு அந்த மக்கள் தாங்களாக நிமிர்ந்தார்கள். இயற்கையை நம்பிய தொழிலுக்குக் கொடுக்கும் கடனில், இயற்கை கைவிடும் வருடத்துக்கான ஏற்பாடும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்கே நாங்கள் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை என்பது 2017-ல் ஒக்கி புயலில் தெரிந்தது. ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்து கிடந்தன. ரப்பர் கன்று வைத்துப் பால் எடுக்க ஆறேழு வருடம் ஆகும். கடன் தவணைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இப்போது வீட்டுக்கூரையில் சூரியத் தகடு போடுவதற்கான கடன் வந்திருக்கிறது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அடமானம் இல்லாமல் குறைந்த வட்டிக்குக் கடனும் கிடைக்கிறது. நல்ல திட்டம், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் தெருவில் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு வரும் மின்கட்டணம் சிறியது. அவர்களுக்குத் தகடு போடக் கூரையும் தோதில்லை, போட்டாலும் மிச்சமாவது அதிகமில்லை. குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்குத்தான் முழு லாபம். எனவே இதுவும் ஏற்கெனவே வசதி உள்ளவர் பக்கமே சாய்கிறது. நாகர்கோவில் பையன்கள் பொருத்தும் வேலை பார்க்கிறார்கள் என்பது ஆறுதல்.

கட்டுரையில் சீனாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். அங்கே 2012-ல் வங்கிகளுக்குப் பசுமைக் கடன் வழிகாட்டுதல் வந்தது, 2017-ல் ஐந்து மாகாணங்களில் பசுமை நிதிச் சோதனை மண்டலங்கள் தொடங்கின. சரி. ஆனால் சீனாவின் அந்த விதிக்கு இரண்டு பக்கம் உண்டு. நல்ல தொழிலுக்குக் கொடு என்பது ஒரு பக்கம். காற்றையும் நீரையும் கெடுப்பவருக்குக் கடனை இறுக்கு என்பது மறுபக்கம். அந்த மறுபக்கத்தைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த வயல்களில் எத்தனை இன்று வீட்டுமனை! வயலை மண்ணடித்து மேடாக்கி, பிளாட் போட்டு, அதில் வீடு கட்ட வீட்டுக்கடன் சிரமமில்லாமல் கிடைக்கிறது. பத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த இடம் பத்து வருடம் முன்னால் எந்தக் குளத்தின் பாசனத்தில் இருந்தது, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்று பார்ப்பதில்லை. 2021 நவம்பர் மழையில் ஊரெல்லாம் வெள்ளம் புகுந்தபோது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வந்தது. எங்கள் பழைய வீட்டில் முழங்கால் உயரம் நின்றது, அதற்கு முன் ஒருநாளும் நின்றதில்லை. மலையை உடைத்துக் கல் ஏற்றி களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போகிற டாரஸ் லாரிகளையும் எண்ணிப் பாருங்கள். அந்த லாரிகளுக்குக் கடன் இரண்டு மூன்று நாளில் கைக்கு வருகிறது. ஓட்டுபவர்களும் நம் பிள்ளைகள்தான், அவர்கள் வயிற்றில் அடிக்க நான் சொல்லவில்லை. ஆனால் மாட்டுச்சாணத்தில் எரிவாயுக் கலன் போட ஐம்பதாயிரம் கேட்டவரை நாலு மாதம் நடக்கவிட்ட கதையும் எனக்குத் தெரியும். மலையை உடைத்த வருமானமும் மாவட்டத்தின் வளர்ச்சிக் கணக்கில் ஏறுகிறது, வெள்ளத்தில் போன சாலையைத் திரும்பப் போட்ட செலவும் அதே கணக்கில் ஏறுகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பசுமைக் கடன் வளர்ச்சியைக் கூட்டியதா குறைத்ததா என்று அளந்தால் என்ன விடை வரும்?

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. முப்பந்தலில் முதல் அலையில் வந்த 225, 250 கிலோவாட் காற்றாடிகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றைக் கழற்றிவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரங்கள் வைக்கப்போகிறார்கள். இதற்காக மத்திய அரசு 2016-லேயே கொள்கை வெளியிட்டது. அதில் இரேடா கடனுக்குக் கால் சதவீதம் கூடுதல் வட்டித் தள்ளுபடி சொல்லியிருந்தார்கள். தமிழக அரசும் 2024-ல் தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆக, முப்பது வருடம் முன்னால் வந்த மாதிரி இன்னொரு பெரிய கடன் அலை எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வருகிறது. சித்தப்பா காலத்தில் எங்களுக்கு விவரம் தெரியாது. இப்போது தெரியும்.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் கடலோரத்தில் மிடல்குருண்டன் என்ற காற்றாலை 2000-ல் வந்தது. 20 இயந்திரம், 40 மெகாவாட். அதில் பாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு வாங்கினார்கள். 2009-ல் நடைமுறைக்கு வந்த அந்த நாட்டுச் சட்டம், புதிதாகக் காற்றாலை வைப்பவர் குறைந்தது 20 சதவீதப் பங்கைப் பக்கத்து ஊர் மக்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. விதி பின்னால் மாறியது. ஆனால் ஊர்க்காரரும் காற்றாடிக்குச் சொந்தக்காரராக இருக்கலாம் என்பதை அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி ஒரு மின்நிலையத்தைச் 'சொந்த உபயோகம்' (பயன்படுத்துபவர்களே தங்களுக்காக நடத்துவது) என்று சொல்ல, மின்சாரத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு 26 சதவீதப் பங்கு இருந்தால் போதும், உற்பத்தியில் பாதிக்கு மேல் அவர்கள் பயன்படுத்த வேண்டும். மீதி 74 சதவீதத்தை யார் வைத்துக்கொள்ளக்கூடாது என்று விதி சொல்லவில்லை. ஆரல்வாய்மொழி, தோவாளை, செண்பகராமன்புதூர் மக்கள் சேர்ந்து ஒரு சங்கமாக அதில் பத்து சதவீதம் எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? உறுப்பினர்கள் பங்கு வாங்கத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் கொடுக்கலாம். நகைக்கடன் கொடுத்தே பழகிய சங்கங்கள் அவை. நகையை வைத்து ஒருவர் கல்யாணக் கடனை அடைக்கிறார், ஆஸ்பத்திரிச் செலவு பார்க்கிறார். அந்தக் கடன் வட்டியைத்தான் பெருக்கும். காற்றாடிப் பங்குக்கு வாங்கும் கடனுக்குப் பின்னால் ஆடிக்காற்று வேலை செய்யும். அது அடிக்காத வருடத்தை இங்கே நான் பார்த்ததில்லை. குறைந்து அடிக்கும் வருடங்கள் உண்டு, அதற்குத்தான் தவணையைத் தள்ளிப்போடும் விதி முன்கூட்டியே வேண்டும் என்கிறேன். இனிமேல் நிலத்தையும் விற்க வேண்டாம், குத்தகைக்கு மட்டும் விடுங்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள் மாவட்ட நிர்வாகத்துக்கும், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கிக்கும். 2015-லிருந்தே மரபுசாரா எரிசக்திக் கடன், வங்கிகள் கட்டாயம் ஒரு பங்கு கொடுக்க வேண்டிய முன்னுரிமைக் கடன் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) நம் மாவட்டத்துக்கான கடன் திட்டத்தை வெளியிடுகிறது, ஆட்சியர் கையால் புத்தகமாகவே வருகிறது. 2023 ஜூனிலிருந்து, பசுமை வைப்புத்தொகை என்ற பெயரில் பணம் வாங்கும் வங்கிகள் அதை எந்த வகைத் தொழிலில் போட்டோம் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இவ்வளவும் இருக்கிறது. மாவட்ட அட்டவணையில் ஒரே ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தால் போதும். கடன் வாங்கியவர் முகவரி மாவட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா? தனியாள் பெயரெல்லாம் வேண்டாம், மொத்தத் தொகை போதும். அந்தப் பத்தி வந்துவிட்டால் அடுத்த கட்டுரையை எழுதுபவருக்கு என் மாதிரி ஒருத்தி கடிதம் எழுத வேண்டியிருக்காது.

போன மாதம் ஆரல்வாய்மொழிக்குப் போயிருந்தேன். சித்தப்பா நிலத்தில் நிற்கும் பழைய காற்றாடியை அளக்க ஆட்கள் வந்து போனதாகத் தம்பி சொன்னான். "அக்கா, புதுசு வைக்கும்போது நமக்கும் அதுல ஒரு பங்கு எடுக்க முடியுமா? உங்க சங்கத்துல லோன் கிடைக்குமா?" என்று கேட்டான். 31 வருடம் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு கடனுக்கு விண்ணப்பப் படிவமே எங்களிடம் இருந்ததில்லை. அவனுக்கு என்ன பதில் சொல்ல என்று கூட்டுறவுத் துறை அதிகாரிகள் உங்கள் நாளிதழ் வழியாகவே தெரிவித்தால், நேரில் போய்ச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
தோவாளை வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.